வாய்க்காலுக்கு அங்குட்டிருந்து வந்த ராஜா

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காரைக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், கடை ஷட்டரைப் பூட்டினேனா என்ற சந்தேகம் வந்தது. பூட்டியிருப்பேன். பூட்டாமல் ஒரு நாளும் கிளம்பியதில்லை. ஆனாலும் நத்தம் வருகிற வரைக்கும் அதே நினைப்பாகவே இருந்தது. கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியை எழுப்பி, கடை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பூட்டித்தான் இருந்தது. "இனிமே பேசாம போயிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

டூவீலருக்கு சீட் கவர் தைக்கிற கடை என்னுடையது. சும்மா ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. எங்கள் ஊரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறோம். பள்ளிக்கூட மைதானம், மண்டபத்து மொட்டை மாடி என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் போடுவோம். இப்போது பேகம்பூர்ப் பக்கம், ஒரு காலத்தில் தோல் பதனிட்டு இன்றைக்கு மூடிக் கிடக்கிற தோல் ஷாப் ஒன்றை, நாடகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அதன் சொந்தக்காரர். என் கடை பக்கத்திலேயே இருப்பதால் சாவி என்னிடம் இருக்க வேண்டுமாம். குழுவுக்குத் தலைவர் மாதிரி இருக்கிற சாகுல் பாய், "நீங்க சரின்னா வாங்குவோம், வேணாம்னா விட்டுருவோம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு கட்டடத்தின் சாவியை வாங்கினால் அதோடு என்னென்ன வந்து சேரும் என்று யோசித்து யோசித்து ஒரு வாரமாகத் தூக்கமில்லை. ஓடு சரிந்து யார் தலையிலாவது விழுந்தால்? கரண்ட் அடித்தால்? தோல் நாற்றம் போகவே போகாவிட்டால்? கண்டனூர் பக்கம் ஒரு பழைய ரைஸ் மில்லை நாடகக் கொட்டகையாக்கி, ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று சொல்ல நல்ல காரணம் ஒன்று கிடைக்காதா என்றுதான் போனேன்.

காரைக்குடிக்கு டிக்கெட் தொண்ணூற்றைந்து ரூபாய். சிங்கம்புணரியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா திருக்கோஷ்டியூர் பெருமாளைப் பார்க்கப் போகிறவர். நான் பையைத் திறப்பதையும் மூடுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே டார்ச், மாத்திரை, ஊசி நூல், மாற்றுச் சட்டை, இன்னொரு டார்ச்.

"பஸ்ஸ நீங்களா ஓட்டுறீக? இப்பிடி வேர்க்குது?" என்றார்.

திருப்பத்தூரில் இறங்கும்போது, பெருமாளிடம் எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். என்ன சொல்வது என்று கேட்கவே இல்லை. பார்த்தாலே தெரிந்திருக்கும்.

ஒன்பதரைக்குக் காரைக்குடி. இரண்டு இட்லியும் ஒரு வடையும் நாற்பது ரூபாய். கண்டனூர் போகும் டவுன் பஸ்ஸில் எட்டு ரூபாய் டிக்கெட். கண்டனூருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே மில் ஸ்டாப்பில் இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது புகைபோக்கி. செங்கல்லால் கட்டியது, உச்சியில் ஓர் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அது எப்போது விழும் என்று பார்த்தபடியே உள்ளே போனேன்.

வரவேற்றவர் ஸ்டெல்லா டீச்சர். உதவி பெறும் பள்ளியில் தமிழ் எடுத்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர். கொட்டகையை நடத்துகிறவர்களில் அவர்தான் முதல் ஆள். "வாங்க தம்பி, திண்டுக்கல்லுல இருந்து வாரீக, சாப்பிட்டீகளா" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்கு நிற்காமல் மில்லைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

இன்ஜின் ரூம்தான் மேடை. இன்ஜினைத் தூக்கிய பிறகு அந்தச் சிமெண்டுத் திண்டு இடுப்பு உயரத்துக்கு அப்படியே நின்றிருக்கிறது. பக்கத்துச் சுவரை இடித்ததும் மேடை ஆகிவிட்டது. நெல் ஊற வைக்கிற தொட்டிகள் இப்போது வேஷம் கட்டுகிற அறைகள். ஏணி வைத்து உள்ளே இறங்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு தொட்டி, பெண்களுக்கு ஒரு தொட்டி. நெல் காயப் போட்ட களத்தில்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள். களம் முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால். அதன் மேல் சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் டீச்சரின் ஊர்; கண்டனூருக்கு முந்திய சின்னக் கிராமம். வாய்க்கால்தான் ஊர் எல்லை. மில் எல்லைக்கு வெளியே இருக்கிறது. இதை டீச்சர் இரண்டு தடவை சொன்னார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

தவிட்டு வாசனை இன்னும் போகவில்லை. அதைக் கேட்டேன். "எதுக்குப் போகணும்?" என்றார். என் தோல் நாற்றக் கவலைக்கு அது பதிலா என்று தெரியவில்லை.

மேடைக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு காலண்டர்கள் ஒட்டி ஒட்டித் தொங்கின. ஒன்று மாதா கோயில் காலண்டர், இன்னொன்று ராகு காலம், எமகண்டம் எல்லாம் போட்ட தினசரி காலண்டர். எதற்கு இரண்டு என்று கேட்டேன். அப்போதுதான் இந்தக் கொட்டகையின் கதை வெளியே வந்தது.

மில் கண்டனூர் ஆச்சி ஒருவருடையது. அவர் குடும்பம் சென்னையில் இருக்கிறது. கண்டனூர் பெரிய வீடு கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கும். மில் ஓட்டம் நின்ற பிறகு விற்றுவிடலாம் என்று மகன் சொல்ல, ஆச்சி மறுத்துவிட்டாராம். ஒத்திகைக்கு இடம் கேட்டுப் போன டீச்சரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தை அறுப்பு முடிந்து மாசியில்தான் மில்லுக்கு நெல் வரும். அந்த மாசம் முழுக்க மில் சத்தம் ஊருக்கே கேட்கும். அதனால் வருஷா வருஷம் மாசி முடிவதற்குள் ஒரு நாளாவது நாடகம் போட வேண்டும். "மில்லுல சத்தம் கேக்கணும். கேக்காத வருசம் சாவியக் குடுத்துருங்க" என்றாராம். வாங்குவதற்கு ஆள் இன்றைக்கும் காத்திருக்கிறார்களாம்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். கஷ்டமே மாசியில்தான் இருந்தது. ஊரில் இரண்டு தெரு: மாதா கோயில் தெரு, அம்மன் கோயில் தெரு. குழுவில் பாதிக்குப் பாதி. மாசியில்தான் பெரும்பாலும் தவக்காலம் பிறக்கிறது. அது பிறந்துவிட்டால் மாதா கோயில் தெருக்காரர்கள் வேஷம் கட்ட மாட்டார்கள். மாசிக் கடைசியில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு அம்மன் கோயில் தெருக்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். முதல் வருஷம் இதை யாருமே யோசிக்கவில்லை. மாசிக் கடைசி ஞாயிறு என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். நமக்கு நோன்பு என்றால் அவர்கள் ஆடிக்கொள்வார்கள் என்று மாதா கோயில் தெரு நினைக்க, நமக்குக் காப்பு என்றால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அம்மன் கோயில் தெரு நினைக்க, ஆச்சி சென்னையிலிருந்து காரில் வந்து களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வேஷம் கட்ட ஒருவர்கூட இல்லை என்று.

"அப்புறம் என்ன டீச்சர் செஞ்சீங்க?" என்று அவசரமாகக் கேட்டேன்.

டீச்சர் பக்கத்தில் ராசாங்கம் அண்ணன் வந்து நின்றுகொண்டிருந்தார். அம்மன் கோயில் தெரு. விவசாயம், கூடவே ஓர் உரக்கடை. முதல் வருஷத்திலிருந்து அவர்தான் ராஜா. பதிலை அவர் சொன்னார்.

"டீச்சர் வேசம் கட்டாம சேலையோட மேடையில ஏறி வசனத்த வாசிச்சாக. தவக்காலத்துல கோயில்ல ஏசுவோட பாடுகள ஆளுக்கொரு பாகமா வாசிக்கிறோம்ல, வாசிக்கிறதுல என்ன குத்தம்னுட்டாக. நாங்க எல்லையத் தாண்டக் கூடாதுல்ல? வாய்க்காலுக்கு அங்குட்டு நின்னுக்கிட்டு எங்க வசனத்தக் கத்துனோம்."

ஜனங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்துச் சுளுக்கிக்கொண்டதாம். ஆச்சி சிரித்து முடிக்க நேரமானதாம். அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொரு வேஷத்தையும் தெருவுக்கு ஒருவராக இரண்டு பேர் பாடம் பண்ணுகிறார்கள். ராஜா மட்டும் எந்த நாடகம் என்றாலும் மேளத்தோடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து பாலத்தைத் தாண்டித்தான் வருவார். நாடகத்தில் ராஜா இல்லாவிட்டால்? "எழுதிச் சேத்துருவோம்" என்றார் டீச்சர்.

அன்றைக்கு மாலை ஆறரைக்கு நாடகம். ஞாயிற்றுக்கிழமை ஊரில் இரண்டு கல்யாணம் இருந்ததால் செவ்வாய்க்குத் தள்ளியிருந்தார்கள். மறுநாள் சாம்பல் புதன், தவக்காலம் பிறக்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் நாள் வைக்கலாமா என்று எனக்கு உடனே பட்டது. வந்த இடத்தில் சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் டீச்சர் வீட்டில் சாப்பாடு. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ராசாங்கம் அண்ணன் நின்றார். சட்டை இல்லை, தோளில் துண்டு மட்டும்.

"சித்தப்பா போயிட்டாரு டீச்சர்."

வயசானவர்தான், படுக்கையிலும் கிடக்கவில்லை. சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திரிக்கவில்லை. அவர் வீடு அம்மன் கோயில் தெருவின் முதல் வீடு, வாய்க்காலை ஒட்டியது. மகள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். எடுப்பது மறுநாள் காலையில்தான்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். அம்மன் கோயில் தெருவில் முக்கால்வாசிப் பேர் பங்காளிகள். பதினாறு நாள் தீட்டு. அதற்குள் மாசி முடிந்துவிடும். மாதா கோயில் தெருவுக்கு நாளை முதல் தவக்காலம். ஆக இன்றைக்கு விட்டால் இந்த வருஷம் கிடையாது. ஊருக்குள் உடம்பு கிடக்கும்போது இருபதடி தள்ளி மேளம் கொட்டி நாடகம் போட முடியுமா? சாவி போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். சொன்னால் கேவலம்தான், உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சாகுல் பாயிடம் சொல்லக் காரணம் கிடைத்துவிட்டது.

டீச்சர் ராசாங்கம் அண்ணனிடம் நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. டீச்சர் கை கழுவிவிட்டுக் கேதம் விசாரிக்கக் கிளம்பினார். நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மாலை வாங்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். வெளியூர்க்காரன் போகலாமா என்று தயக்கமாக இருந்தது. போகாமல் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது அதைவிடத் தயக்கமாக இருந்தது.

பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் உள்ளே போய்ச் செத்தவரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மாவே கேட்டார்.

"பொழுது சாயுதே. அங்குட்டுப் போகலயா நீயி?"

"எப்பிடிம்மா போக?"

"அவரு உசுரோட இருந்தா இந்நேரம் களத்துல துண்டப் போட்டு எடம் புடிச்சிருப்பாரு. என்னைய விட்டுட்டு முன்னாடியே போயிருவாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நடத்துங்க. மேளம் மட்டும் வேணாம்."

டீச்சர் தயங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ராசா இந்தப் பாதையா வரலாமாம்மா?"

"வேற எங்குட்டிருந்து வருவாரு?" என்றார் அந்த அம்மா.

ராஜாவுக்கு மாதா கோயில் தெருவின் ஆள் அந்தோணி. காரைக்குடியில் ஒரு கம்பெனியில் சம்பள வேலை. பல வருஷமாகப் பாடம் பண்ணி வைத்திருக்கிறாரே தவிர ஒரு தடவைகூட ராஜாவாக நடித்ததில்லை. ராசாங்கம் அண்ணன் ஒரு காய்ச்சலில்கூடப் படுத்தது கிடையாதாம். வேலையிலிருந்து திரும்பியவரைப் பஸ்ஸிலிருந்து இறங்கின இடத்திலேயே பிடித்துத் தொட்டிக்குள் இறக்கினார்கள். "பொரி சாப்பிட்டுக்கிட்டே பாக்கலாம்னு வந்தேன், என்னையப் போயி..." என்று முனகினார். மந்திரி வேஷக்காரர், "ராசா பொரி திங்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? வாய்ல போட்டுக்கிட்டே வாய்யா" என்றார்.

ராசாங்கம் அண்ணன் நல்ல உயரம். அந்தோணி என் தோள் வரைக்கும்தான். ராஜா அங்கி தரையில் ஒரு முழம் புரண்டது. பாலத்தில் தடுக்கி வாய்க்காலில் விழுவார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, தொட்டிக்குள் இறங்கி, அவரை நிற்க வைத்து ஓரத்தை மடித்துத் தைத்தேன். என் ஊசி ரெக்ஸின் தைக்கிற ஊசி; ஜரிகைத் துணிக்கு முரடு. ஆனால் கெட்டியாக நிற்கும்.

ஆறரைக்குக் களம் நிறைந்துவிட்டது. கொத்தமங்கலத்திலிருந்துகூட வேன் வைத்து வந்திருந்தார்கள். கேதம் என்று தெரிந்து ஜனங்கள் அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மைக் இல்லை, மேளம் இல்லை, ஆர்மோனியம் இல்லை. ஆச்சிக்கு இப்போது உடம்பு முடியாததால், வருஷா வருஷம் போனில்தான் கேட்பாராம். டீச்சர் சென்னைக்குப் போட்டு, போனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி மேடை ஓரத்தில் நின்றார்.

கதை எளிமையானது. ஒரு கண்மாய்த் தண்ணீருக்காக இரண்டு ஊர் சண்டை போடுகிறது. கடைசியில் ராஜா மாறுவேஷத்தில் வழிப்போக்கனாக வருகிறார்; மாறுவேஷம் என்றாலும் ஜரிகை அங்கி இருந்தே ஆக வேண்டுமாம். வந்து முதலில் ஒரு கேள்வி கேட்கிறார். அதில் சண்டைக்காரர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். அந்தக் கேள்வியில்தான் நாடகமே இருக்கிறது என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார்.

ராஜா வருகிற நேரம். எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். பந்தல் வெளிச்சத்துக்குள்ளிருந்து அந்தோணி வந்தார். கேதத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். செத்தவரின் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுப் பாலத்துக்கு வந்தார். மேளம் இல்லாததால் அவர் காலடி கேட்டது. அங்கி தடுக்கவில்லை; நான் மூச்சு விட்டேன். களத்தின் நடுவில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். வசனம் வரவில்லை.

வியர்வை அவர் கன்னத்தில் இறங்குவது எனக்குத் தெரிந்தது. மேடையில் இருந்தவர்கள் எடுத்துக் கொடுக்கலாம். அவர்களும் திகைத்துப்போய் நின்றார்கள். டீச்சர் கையில் போன் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் சென்னையில் ஒரு கிழவி காதில் வைத்திருக்கிறார், இங்கே ஒரு சத்தமும் இல்லை. எனக்கு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. ராசாங்கம் அண்ணன். சட்டை இல்லாமல், தோளில் துண்டோடு, பாலத்துக்கு அந்த ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். தீட்டுக்காரர் என்பதால் எல்லையைத் தாண்டவில்லை. கத்தவும் இல்லை. சாதாரணமாகச் சொன்னார்:

"நான் வழிப்போக்கன். குடிக்கத் தண்ணீர் வேண்டும். இந்த ஊரில் யாரைக் கேட்க வேண்டும்?"

ஜனங்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்கள். அந்தோணி அதே வசனத்தை, அதே மெதுவான குரலில் திருப்பிச் சொன்னார். அதற்கப்புறம் அவருக்கு எதுவும் மறக்கவில்லை. கடைசி வரைக்கும் யாரும் குரலை உயர்த்தவில்லை. சண்டைக் காட்சிகூட அப்படித்தான் நடந்தது. களத்தில் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

முடிந்ததும் டீச்சர் போனைக் காதில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். கேதம், மேளம் இல்லாதது எல்லாம். பிறகு ஸ்பீக்கரில் போட்டார். ஆச்சியின் குரல் மெலிந்திருந்தது.

"அங்குட்டிருந்து பேசுனது ராசாங்கந்தான?"

"ஆமா ஆச்சி."

"எனக்குக் கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னார். டீச்சர் மேடைத் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மாதா கோயில் தெருக்காரர்கள் வேஷத்தைக் கலைத்துவிட்டு, நேராகப் பாலத்தைத் தாண்டிக் கேத வீட்டுக்குப் போனார்கள். அந்தோணிக்கு மையைச் சரியாகத் துடைக்கக்கூடப் பொறுமை இல்லை. வரைந்த ஒரு புருவம் அழியாமலே ராசாங்கம் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மில் ஸ்டாப்பில் நின்றேன். டீச்சர் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வழியனுப்ப வந்தார். ஊருக்குள்ளிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது, எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கியையும் ஆலங்கன்றையும் பார்த்தபடி, இது விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கடைசியில் கேட்டேவிட்டேன்.

"எனக்கும் அந்தப் பயம் இருக்கு தம்பி. தெனம் வந்து பாக்குறேன்" என்றார். "பயப்படுற ஆளுகிட்டதான் சாவி இருக்கணும். மத்தவுக பூட்ட மறந்துருவாக."

வீட்டில் தொங்கிய மாதா கோயில் காலண்டரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு தினசரி காலண்டர் வாங்கினேன். வருஷம் பிறந்து இரண்டு மாசம் ஆகிவிட்டதால் அறுபது ரூபாய்ச் சரக்கை முப்பதுக்குக் கொடுத்தார்கள். பஸ் சிங்கம்புணரி தாண்டும்போது சாகுல் பாய்க்குப் போன் போட்டேன். அங்கே எல்லாம் எப்படி என்று கேட்டார். அங்கே இரண்டு தெரு, நம்மிடம் மூன்று என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"பாய், உங்க பள்ளிவாசல் காலண்டர் ஒண்ணு எடுத்து வைங்க."

"அது எதுக்கு இப்ப?"

"சாவி வாங்கப் போறப்ப வேணும்" என்றேன். போனை வைத்த பிறகு, அந்தத் தோல் ஷாப் கதவுக்கு உள் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.